ரேப்பும் பழுதாகும்: வெக்கையிலும் மாரியிலும் ஒட்டுநாடாவைப் பாதுகாப்பது எப்படி?

வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தைப் பற்றி நான் பல தடவைகள் எழுதியிருக்கிறேன். ரேப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதும் அங்கேதான். பேரணி ஒன்றுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு அம்மா, மகனின் படத்தைக் காட்போட் மட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிய மூலை ஐந்து நிமிடத்தில் கிளம்பியது. அழுத்தி ஒட்டினார். மற்ற மூலை கிளம்பியது.

"உந்த ரேப் ஒட்டுதில்லை பிள்ளை. போன வருசம் வேண்டினது, இன்னும் பாதிக்கு மேல கிடக்கு. ஏன் இப்பிடி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சுருளை வாங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் செம்மண் தூசி. உரித்தால் நேராக வராமல் நீளவாக்கில் கிழிந்து நூல் நூலாக வந்தது. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். தகரக் கொட்டிலின் கூரைக்குக் கீழே ஒரு கம்பியில் கொளுவி விட்டிருந்தாராம். எலி கடிக்காமல் இருக்கட்டும் என்று.

பிறகுதான் படத்தைக் கவனித்தேன். அது பிரதி அல்ல, அசல் போட்டோ. இடம்பெயர்ந்த காலத்தில் நடுவால் கிழிந்து, முகாமில் யாரோ ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ரேப்பின் நாடா எப்போதோ உதிர்ந்துவிட்டது. பசை மட்டும் தேன் நிறத்தில், மகனின் கன்னத்துக்குக் குறுக்கே ஒரு பட்டையாகக் கிடந்தது.

சுருளில் இருந்த ரேப் ஒட்டவில்லை, படத்தில் ஒட்டிய ரேப் படத்தைத் தின்றுவிட்டது. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது அதற்குப் பிறகு தேடிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. ரேப் என்பது ஆணி, கம்பி போல வாங்கி வைத்துவிட்டு மறந்துபோகும் பொருள் அல்ல. பாணைப் போல, மருந்தைப் போல அதற்கும் ஒரு ஆயுள் இருக்கிறது.

நாங்கள் எல்லாவற்றையும் "செலோரேப்" என்கிறோம். அது ஒரு கம்பனியின் பெயர். 1930இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் செலோபேன் தாளில் பசை தடவி முதலாவது ஒளிபுகும் ரேப்பைச் செய்தார். சுவருக்கு நிறம் பூசுபவர்கள் பாவிக்கும் மாஸ்கிங் ரேப்பும் அதற்கு ஐந்து வருடம் முன்னர் அவர் செய்ததுதான். 1937இல் இலண்டனில் இதே மாதிரியான பொருளைச் "செலோரேப்" என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். பிரித்தானிய ஆட்சிக்குள் இருந்த எங்களுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்த ஆரம்பகால ரேப்பின் பசை இயற்கை இறப்பரும் மரப்பிசினும் கலந்தது. மலிவான பல ரேப்களில் இன்றும் இறப்பர்ப் பசைதான், இயற்கையானதோ செயற்கையானதோ. இறப்பர் ஒட்சிசனோடு சேர்ந்து பழுதடையும் பொருள். முதலில் பசை இளகிப் பிசுபிசுக்கும், மஞ்சளாகும், ஓரத்தால் கசியும். கடதாசியில் ஒட்டியிருந்தால் நாருக்குள் ஊறும். பிறகு அதே பசை இறுகிக் காய்ந்து, ஒட்டும் தன்மையை முற்றாக இழக்கும். நாடா தானாகக் கழன்று விழும், கறை மட்டும் நிற்கும். அந்த அம்மாவின் மகனின் கன்னத்தில் நடந்தது இதுதான். அக்கிரிலிக் பசை உள்ள ரேப்கள் இவ்வளவு விரைவாகப் பழுதாவதில்லை, மஞ்சளாவதும் குறைவு. பெட்டி கட்டும் ரேப்களில் இரண்டு வகையும் உண்டு. மட்டையில் விபரம் போட்டிருந்தால் வாசித்துப் பாருங்கள், பெரும்பாலும் போட்டிருக்காது.

இந்தப் பழுதை விரைவாக்குவது வெக்கை. இரசாயன மாற்றங்கள் வெப்பநிலை 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக நடக்கும் என்பது ஒரு பொதுவான கணக்கு. ரேப் செய்கிறவர்கள் தங்கள் பொருளை 21 பாகை செல்சியஸ் அளவிலும் 50 சதவீத ஈரப்பதனிலும் வைக்கச் சொல்கிறார்கள், அப்படி வைத்தால் ஒன்று அல்லது இரண்டு வருடம் நன்றாக இருக்கும் என்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ 21 பாகை எங்கே கிடைக்கும்? சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 33, 34 பாகை. தகரக் கூரைக்குக் கீழே அதைவிட எவ்வளவோ கூட. மாரியில் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டும். ஆகவே மட்டையில் எழுதியிருக்கும் ஆயுளை எங்களுடைய வீடுகளில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதைச் சில மாதங்களில் கொன்றுவிடாமல் வைத்திருக்கலாம்.

வீட்டில் எந்த இடம் குளிர்மை என்பதை அந்த வீட்டுக்காரர்தான் அறிவார். பொதுவாகச் சொன்னால், சூடான காற்று மேலே போகும், அதனால் அலுமாரிக்கு மேலேயும் பரணிலும் கூரைக் கம்பியிலும் வைக்கக் கூடாது. நிலத்தில் நேரடியாக வைத்தால் சீமெந்து ஈரம் ஏறும், வெள்ளம் வந்தால் அதுவும் போய்விடும். அலுமாரியின் கீழ்த் தட்டு, வெயில் படாத சுவர்ப்பக்கம், நிலத்திலிருந்து ஒரு முழ உயரம் போதும். அடுப்படி வேண்டாம். பிரிட்ஜுக்கு மேலே பலரும் வைக்கிறார்கள், அது சூடு வெளியேறும் இடம். மோட்டார் சைக்கிளின் இருக்கைக்குக் கீழேயும் ஓட்டோவின் முன் கண்ணாடிக்குக் கீழேயும் வைத்த ரேப் ஒரு கோடையைத் தாண்டாது.

பிரிட்ஜுக்கு உள்ளே வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தேவையில்லை. வெளியே எடுத்தவுடன் சுருளில் ஈரம் வியர்க்கும், குளிர்ந்த பசை ஒட்டவும் மாட்டாது.

அடுத்தது மூடி. நான் இப்போது பாவிப்பது பழைய பால்மா ரின். தூசி போகாது, வெளிச்சம் போகாது, எலி போகாது. சுருளை முதலில் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, சப்பாத்துப் பெட்டிகளில் வருகின்ற ஈரம் உறிஞ்சும் சிறு பைக்கற் ஒன்றையும் ரின்னுக்குள் போட்டு வைக்கிறேன். அந்தப் பைக்கற்றைச் சிறுபிள்ளைகளின் கையில் அகப்பட விடாதீர்கள். வெளிச்சத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் நாடாவையும் பசையையும் இரண்டையும் கெடுக்கும். கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் படும்படி அடுக்கி வைத்திருக்கும் சுருள்களை நான் வாங்குவதில்லை, விலை குறைத்துத் தந்தாலும்.

சுருளைப் படுக்க வைக்க வேண்டும், அதாவது நடு ஓட்டை மேலே பார்க்கும்படி. சில்லுப் போல நிறுத்தி அதற்கு மேலே பாரம் வைத்தால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். வெக்கையில் இளகிய சுருளை ஆணியில் நீண்ட காலம் கொளுவி வைத்தால் உள்மட்டை ஒரு பக்கமாக நழுவி, சுருள் கூம்பு போல இழுபடும். ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்குவதானால் இடையில் மெழுகுக் கடதாசி வையுங்கள், இல்லாவிட்டால் கசிந்த பசையால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய், பெற்றோல், பெயின்ற் தின்னர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். அவற்றின் ஆவியே பசையை இளக்கும்.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னவர் உண்மையில் ஒரு ஸ்ரூடியோ உதவியாளர். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்தபோது, கமரா வயர்களை நிலத்தில் ஒட்டும் துணி ரேப்பை நாங்கள் வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோய் ஸ்ராண்டிலே வெயிலில் தொங்க விட்டுவிடுவோம். அவர் வந்து திட்டுவார். அந்த ரேப்பின் விலை தெரியுமா என்பார். விலையைப் பற்றிக் கதைக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வாங்கும்போதே பழுதான ரேப்பை வாங்கினால் பாதுகாத்தும் பயனில்லை. சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். ஒரே நிறமாக, மழமழப்பாக இருக்க வேண்டும். மஞ்சள் வளையங்கள் இருந்தாலோ, விரலால் தொட்டால் ஓரம் பிசுபிசுத்தாலோ, அது கடையில் நெடுநாள் கிடந்தது. மலிவு என்று பெரிய கட்டாக வாங்கி வைப்பது எங்களுக்குப் பழகிப்போன வழக்கம். பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவர்களின் வீட்டில் சவர்க்காரமும் நெருப்புப் பெட்டியும் இன்றைக்கும் அடுக்கிக் கிடக்கும், எங்கள் வீடும் விலக்கல்ல. ஆனால் ரேப்பை அப்படிச் சேர்க்கக் கூடாது. ஆறு மாதத்துக்குத் தேவையானது போதும். வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் உள்மட்டையில் பேனாவால் எழுதிவிட்டுப் பழையதை முதலில் பாவியுங்கள்.

கிழிந்து கிழிந்து வருகிற சுருளை உடனே எறியத் தேவையில்லை. அனேகமாக ஓரம் எங்காவது அடிபட்டுச் சிறு வெட்டு விழுந்திருக்கும், அந்த வெட்டிலிருந்துதான் கிழிசல் தொடங்கும். முதல் இரண்டு மூன்று சுற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அல்லது கையில் வைத்துச் சற்றுச் சூடாக்கி, மெதுவாக, ஒரே சீராக இழுத்துப் பாருங்கள். இறுகிய பசை கொஞ்சம் இளகும். இது அன்றைய வேலையை முடிக்க மட்டும்தான். காய்ந்த பசையைத் திரும்ப உயிர்ப்பிக்க வழி இல்லை. ஒட்டும் இடத்தையும் கவனியுங்கள். தூசி பிடித்த மட்டையில், ஈரம் குடித்த காட்போட்டில் புதிய ரேப்பும் ஒட்டாது. துடைத்து, காய விட்டு, ஒட்டிய பிறகு விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இந்த வகைப் பசை அழுத்தத்தால்தான் பிடிக்கும்.

இரண்டு வகை ரேப்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவை பழுதானால் ஆளுக்கே ஆபத்து.

ஒன்று வயருக்குச் சுற்றும் கறுப்பு இன்சுலேசன் ரேப். அதன் நாடா பீ.வீ.சி. அதை வளையக்கூடியதாக்க ஒரு வகை எண்ணெய்ப் பொருளைச் சேர்ப்பார்கள். வெக்கையில் அந்த எண்ணெய் மெல்ல மெல்லப் பசைக்குள் இறங்கும், பசை கறுத்த தார் போலக் கூழாகும். வயரில் சுற்றிய ரேப் கழன்று சுருண்டு, உள்ளே செம்புக் கம்பி வெளியே தெரிவதை மீள்குடியேறிய வீடுகளில் எத்தனையோ இடத்தில் கண்டிருக்கிறேன். தற்காலிகமாக இழுத்த வயர், தற்காலிகமாகச் சுற்றிய ரேப், அது பத்து வருடமாகத் தகரக் கூரையோடு ஒட்டியபடி கிடக்கிறது. சுருளில் இருக்கும்போதே கையில் கறுப்பாக ஒட்டுகிற ரேப்பை வயரில் சுற்றாதீர்கள். கூரைக்குக் கீழே உள்ள பழைய மூட்டுக்களை, மெயினை நிறுத்திவிட்டு, மின் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்பிப்பது நல்லது.

மற்றது காயத்துக்கு ஒட்டும் ரேப். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் அவயவம் இழந்தவர்களும் வாழும் வீடுகளில் இது அன்றாடப் பொருள். கிளினிக்கிலிருந்து கிடைத்ததைச் சேர்த்து வைத்துப் பாவிப்பார்கள். பொதியில் காலாவதித் திகதியும் எத்தனை பாகைக்குக் கீழே வைக்க வேண்டும் என்பதும் இருக்கும், பொதியை எறிந்துவிட்டால் அதுவும் போய்விடும். அதனால் சுருளைப் பொதியோடு சேர்த்தே ரின்னில் வையுங்கள். மருந்துகள் இருக்கும் இடமே இதற்கும் பொருத்தம். வெக்கையில் இளகிய பசை தோலிலேயே தங்கும், அதை உரித்தெடுக்கும்போது தோலும் சேர்ந்து உரியும். உணர்ச்சி இல்லாத இடத்தில் அது அவருக்குத் தெரியவே தெரியாது. ரேப் முடிந்துவிட்டது என்று பெட்டி ஒட்டும் ரேப்பைத் தோலில் ஒட்டிய ஒருவரை நான் சந்தித்திருக்கிறேன். பழுதான ரேப்பை விட, சுத்தமான துணிக் கட்டு மேல்.

இனி, அந்தப் படத்துக்கு வருகிறேன்.

போர் முடிந்தபோது எங்கள் சனத்தின் கையில் மிஞ்சியது ஒரு சொப்பிங் பை. அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, இரண்டு மூன்று போட்டோ. பங்கருக்குள் ஈரத்தில் கிடந்து, மடித்த மடிப்பில் கிழிந்த கடதாசிகளை முகாமில் கிடைத்த ரேப்பால் ஒட்டினோம். என்னுடைய பிறப்புச் சான்றிதழும் அப்படித்தான் ஒட்டப்பட்டது. இப்போது அதன் நடுவில் ஒரு மண்ணிறக் கோடு ஓடுகிறது, பதிவாளரின் ஒப்பத்தில் பாதி அந்தக் கோட்டுக்குள் கரைந்துவிட்டது. அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை. எங்கள் அம்மா செய்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்றைக்கும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, பிறகு 2016ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் அதே கடதாசிகள் வெளியே எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு தடவையும் மடிப்பு இன்னும் கொஞ்சம் கிழிகிறது, அதன் மேலே இன்னொரு துண்டு ரேப். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும் விண்ணப்பித்து எடுக்கலாம். பதிவேடுகளே போரில் அழிந்த இடங்களில் அதுவும் இலகுவல்ல. போட்டோவுக்கும், பிள்ளை கைப்பட எழுதிய கடிதத்துக்கும் எந்த அலுவலகமும் பிரதி தராது.

எனவே, எவ்வளவு நன்றாகப் பாதுகாத்த ரேப்பாக இருந்தாலும் அசலில் ஒட்டாதீர்கள். கிழிந்த துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளின் மேல் சேர்த்து வைத்து, ஒளிபுகும் பிளாஸ்ரிக் உறைக்குள் அப்படியே நுழைத்துவிடுங்கள், ஒட்டத் தேவையே இல்லை. உறை மெல்லியதாகவும் மணமில்லாமலும் இருக்கட்டும். தடித்த, மென்மையான, பிளாஸ்ரிக் மணம் அடிக்கிற பீ.வீ.சி உறையில் போட்டோக் கொப்பியின் மை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கொமியூனிகேசன் கடைகளில் சூடாக்கி லமினேற் பண்ணுவதும் ஒரு வகைப் பசைதான், ஒருதரம் போட்டால் திரும்ப எடுக்க முடியாது. பிரதியை லமினேற் பண்ணுங்கள், அசலை வேண்டாம்.

ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பழைய ரேப்பை என்ன செய்வது என்று கேட்பவர்கள் அதிகம். முதலில் அதன் இருபக்கத்தையும் தெளிவாகப் போட்டோ எடுங்கள், அல்லது ஸ்கான் பண்ணி இரண்டு இடத்தில் சேமியுங்கள். தானாகக் கழன்று நிற்கும் நாடாவை மட்டும் எடுக்கலாம். பிடித்திருப்பதை இழுக்க வேண்டாம். போட்டோவில் படம் இருப்பது மேற்பரப்பிலுள்ள ஒரு மெல்லிய படலத்தில், ரேப்போடு அந்தப் படலமும் உரிந்து வந்துவிடும். பெற்றோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஒன்றும் பாவிக்காதீர்கள், மை ஓடும். பசை பிசுபிசுத்தால் மேலே மெழுகுக் கடதாசி ஒன்றை வைத்து மற்றக் கடதாசிகளிலிருந்து பிரித்து வையுங்கள். ஆவணப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர்கள் ரேப்பை அகற்றி, மெல்லிய யப்பானியக் கடதாசியையும் மாப்பசையையும் கொண்டு ஒட்டுவார்கள். மாப்பசை வேண்டும்போது தண்ணீரில் கழன்றுவிடும் என்பதால்தான் அதைப் பாவிக்கிறார்கள். அந்த வேலையை வீட்டில் பழகிப் பார்ப்பதற்கு மகனின் ஒரே படம் ஏற்றதல்ல.

அந்த அம்மாவோடு அன்றைக்கே ஒரு கொமியூனிகேசன் கடைக்குப் போனேன். படத்தை ஸ்கான் பண்ணி, பெரிதாக்கி இரண்டு பிரதி எடுத்தோம். கன்னத்தில் உள்ள கோட்டைக் கொம்பியூட்டரில் அழித்துத் தரவா என்று கடைப் பெடியன் கேட்டான். அம்மா யோசித்தார்.

"ஒண்டில அழி. மற்றது அப்பிடியே இருக்கட்டும்."

புது ரேப் ஒரு சுருள் வாங்கினோம், சின்னது. உள்மட்டையில் மாதத்தை எழுதிக் கொடுத்தேன். அசலை வெள்ளைத் தாளில் வைத்து உறைக்குள் போட்டு, அவர் கொண்டுவந்த பைக்குள் தட்டையாக வைத்தோம்.